போரும் அயலும் – அத்தியாயம் 6: ஒக்டோபர் 30

சென்ற வாரம் 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தேன். கற்பிட்டிக் கரையில் தோணி தள்ளும் முஸ்லிமும் யாழ்ப்பாணத்தில் பாடம் நடத்தும் இந்துவும், தங்களுக்கு வாசிக்கத் தெரியாத ஒரே படிவத்தின் முன்னால் நின்றார்கள். அந்தக் குறை இருவருக்கும் பொது. அந்தக் குறைக்காக எழப்போகும் போரும் இருவருக்கும் பொதுவா?

1976 பெப்ரவரி 2.

புத்தளம் பெரிய பள்ளிவாசலில் பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள். ஏழு முஸ்லிம்கள் இறந்தார்கள். கற்பிட்டிக் குடாநாட்டின் பள்ளிவாசல்துறையும் ஆலங்குடாவும் நுரைச்சோலையும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நம்பியிருப்பது புத்தளம் நகரைத்தான். தொழுகிற இடத்துக்குள் அரசாங்கத்தின் துப்பாக்கி நுழைந்துவிட்டது என்ற செய்தி அந்தக் கரையோர ஊர்களில் எப்படி இறங்கியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி பாராளுமன்றம். ஆளும் தரப்பின் முஸ்லிம் உறுப்பினர்கள் மௌனமாக இருக்க, அந்தக் கொலைகளைப் பற்றிக் கேட்டவர் காங்கேசன்துறையின் உறுப்பினர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். கிறிஸ்தவர், தமிழரசுக் கட்சியை உருவாக்கியவர், பார்க்கின்சன் நோயால் உடலும் குரலும் தளர்ந்துபோயிருந்த முதியவர். புத்தளத்து ஏழு உயிர்களுக்காக வாய் திறந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழர் என்பதை முஸ்லிம் அரசியலில் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்? வடக்கு முஸ்லிம்களின் கதையை எழுதும் பலர் நேரே 1990இன் வெளியேற்றத்தில் தொடங்கிவிடுகிறார்கள். அப்படித் தொடங்கினால், தமிழரின் போராட்டத்தோடு அந்த மக்களுக்கு ஒரு காலமும் ஒட்டு உறவு இருக்கவில்லை என்று தோன்றிவிடும். உண்மை அதுவல்ல. அவர்களுக்கு 1990இல் பறிபோனது வீடும் நகையும் மட்டும் என்றால், அந்த மக்கள் மனத்தில் இருந்த குழப்பம் நமக்கு விளங்காமலே போகும்.

அதே 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. தனித் தமிழீழம் என்று தமிழர் விடுதலைக் கூட்டணி அறிவித்தது. அடுத்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி அந்தக் கூட்டணியோடு கைகோத்து நின்றது. அதன் மேடைகளில் ஓர் இளம் சட்டத்தரணி முழங்கினார். கூட்டணித் தலைவர் அண்ணன் அமிர்தலிங்கத்தால் ஈழத்தைப் பெற்றுத் தர முடியாமல் போனாலும் தான் பெற்றுத் தருவேன் என்ற பொருளில் அவர் பேசியதை இன்றும் கிழக்கில் எடுத்துச் சொல்வார்கள். அவர் பெயர் எம்.எச்.எம். அஷ்ரப். பின்னாளில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸைக் கட்டியெழுப்பி, முஸ்லிம்களுக்குத் தனி அரசியல் வழி வேண்டும் என்று வாதாடிய அதே அஷ்ரப்தான்.

தொடக்க காலத்தில் முஸ்லிம் இளைஞர்கள் தமிழ் இயக்கங்களில் சேர்ந்தார்கள், சண்டையில் இறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இயக்கப் பையன்களுக்கு எல்லா வீட்டிலும் ஒரே பெயர்தான்: ‘பொடியள்’. முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவிலும் அதே பெயர்தான்.

இந்த இடத்தில் 1983 ஜூலையை விட்டுவிட முடியாது. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, ஒரு தமிழ் இளைஞன் துவக்கு எடுத்ததன் நியாயத்தை யாழ்ப்பாணத்து முஸ்லிம் தையற்காரரும் உணர்ந்திருப்பார். அரசு தன் குடிகளைக் காக்கவில்லை, கொன்றவர்களைத் தண்டிக்கவில்லை, பேசிப் பார்த்த முப்பது ஆண்டும் பலிக்கவில்லை. போருக்கான காரணம் என்ற ஒரு தராசில் வைத்தால், தமிழரின் தட்டு கனமாகத்தான் இருந்தது. நான் அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அந்தக் காரணத்தைச் சிறிதாக்க மாட்டேன்.

ஆனால் போரை நிறுக்க ஒரு தராசு போதாது. ஏன் போர் என்பது ஒரு கேள்வி. யார்மேல், எப்படி என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சரியான விடை வைத்திருப்பவர்கள் இரண்டாவது கேள்வியைக் கேட்க விடமாட்டார்கள். அங்கேதான் ஒரு மனிதன் தனக்குள் பிளக்கிறான்.

இரண்டாவது கேள்வி நம்முடைய பழைய கேள்விதான். புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அம்பு தொடுக்கும் முன் எதிரி நாட்டாருக்கு அறிவிப்புச் செய்கிறான். பசுக்களும் பெண்களும் நோயாளிகளும் பாதுகாப்பான இடம் போகட்டும் என்பது அந்த அறிவிப்பின் சாரம். முதல் கலீபா அபூபக்கர் தம் படைக்குச் சொன்னதாக முஸ்லிம் வீடுகளில் சொல்லிக்கொடுப்பதும் அதுதான்: பெண்ணையும் குழந்தையையும் முதியவரையும் தொடாதே, பழம் தரும் மரத்தை வெட்டாதே. தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் இரண்டுக்கும் வாரிசு. போர் அறத்தை வெளியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் அவர் இருக்கவில்லை.

சரி, 1990க்கு வருவோம்.

அந்த ஆண்டு ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடி வெடித்தது. கிழக்கில் அது வேறு முகம் கொண்டது. ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனியா பள்ளியிலும் இஷாத் தொழுகைக்கு நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் இறந்தார்கள். புலிகள் தாங்கள் செய்யவில்லை என்றார்கள். உயிர் தப்பியவர்கள் அதை ஏற்கவில்லை. பத்து நாள் கழியுமுன் ஏறாவூர். அங்கேயும் நூறுக்கு மேல், பெண்களும் குழந்தைகளும் உட்பட.

ஏறாவூர் செத்த அதே ஓகஸ்ட் 12இல், அம்பாறை மாவட்டத்தின் வீரமுனையில், கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் அரசு ஆயுதம் கொடுத்த முஸ்லிம் ஊர்காவற் படையினரும் இருந்தார்கள். ஏறாவூரைச் சொல்லி வீரமுனையை மறைப்பவரும், வீரமுனையைச் சொல்லி ஏறாவூரை மறைப்பவரும் அன்றைக்கும் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். இந்தத் தொடரை எழுத உட்கார்ந்தபோது, ஒன்றை எழுதும் பக்கத்திலேயே மற்றதையும் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

கொழும்புக்கு இது வசதியாக இருந்தது. முஸ்லிம் கையில் துவக்கைக் கொடுத்துத் தமிழ்க் கிராமத்தின் எல்லையில் நிறுத்தினால் போதும், மீதியைப் பழி பார்த்துக்கொள்ளும். புலிகளின் தலைமையில் கிழக்கின் இந்த நெருப்பு வேறு ஒரு கணக்கை உண்டாக்கியது. முஸ்லிம் என்றால் அரசின் ஆள், முஸ்லிம் என்றால் காட்டிக்கொடுப்பவன் என்ற கணக்கு. அது கிழக்கில் நடந்த ஒன்றுக்கு வடக்கில் விலை கேட்கும் கணக்கு.

வடக்கு முஸ்லிம் என்ன செய்தார்? சாவகச்சேரியில் கடை வைத்திருந்தார், யாழ்ப்பாணத்தில் துணி தைத்தார். மன்னாரின் எருக்கலம்பிட்டியில் மீன் பிடித்தார், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். ஊர்காவற் படையும் இல்லை, ஆயுதமும் இல்லை. யாழ்ப்பாணக் கோட்டைக்கான சண்டையில் விமானங்கள் குண்டு போட்டபோது தமிழ் அயலவர் ஓடிய பதுங்குகுழிக்கே அவரும் ஓடினார். செப்டெம்பர் 26இல் கோட்டை புலிகள் வசமானது. அரசின் விமானம் ஒரு பக்கம், இயக்கத்தின் வெற்றி மறு பக்கம். அவர் இரண்டுக்கும் நடுவில் தையல் மிதித்துக்கொண்டிருந்தார்.

கோட்டை விழுந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒக்டோபர் 15, சாவகச்சேரி. முதல் வெளியேற்றம். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் அதை ஓர் ஊரின் தனிச் சிக்கல் என்று நம்ப முயன்றார்கள். விசாரித்தார்கள், பயப்பட வேண்டாம் என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பினார்கள்.

அடுத்து மன்னார். ஒக்டோபர் 24இல் ஆயுதம் தாங்கியவர்கள் எருக்கலம்பிட்டியைச் சூழ்ந்தார்கள். வீடு வீடாகப் பணமும் நகையும் போயின. பின்னர் மன்னார்த் தீவிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் மாத முடிவுக்குள் போய்விட வேண்டும் என்ற உத்தரவு. மன்னாரில் தமிழ்க் கத்தோலிக்கர்களும் குருமாரும் புலிகளிடம் போய் மன்றாடினார்கள். எங்கள் சனங்களை அனுப்பாதீர்கள் என்று கேட்ட தமிழர்கள் இருந்தார்கள் என்பது இந்த வரலாற்றில் அடிக்கடி விட்டுப்போகிற வரி. கேட்டும் பயனில்லை.

தரை வழி போர்முனை. மீதி இருந்தது கடல். கிடைத்த படகில் ஏறினார்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், நடக்க முடியாத முதியவர்கள். திசை தெற்கு. போய்ச் சேர வேண்டிய கரை கற்பிட்டி.

அந்தப் படகுகள் கடலில் இருக்கும்போதே யாழ்ப்பாணத்தில் விடிந்தது.

ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. காலையில் சோனகத் தெருவிலும் சுற்றுத் தெருக்களிலும் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் ஓடின. வீட்டுக்கு ஒருவர் ஒஸ்மானியா கல்லூரியை அடுத்த ஜின்னா மைதானத்துக்கு நண்பகலுக்குள் வர வேண்டும். காரணம் சொல்லப்படவில்லை. சாவகச்சேரி எல்லோர் நினைவிலும் இருந்தது, யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல விரும்பவில்லை. கடையை அரைக் கதவு சாத்திவிட்டுப் போனவர்கள் உண்டு. கூட்டம் முடிந்து வந்து திறக்கலாம் என்று.

மைதானத்தில் புலிகளின் பொறுப்பாளர் பேசியது சில நிமிடங்கள்தான். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும். ஏன் என்று கேட்டவர்களுக்கு விளக்கம் கிடைக்கவில்லை, மேலிடத்து உத்தரவு என்பதே பதில். மறுத்தால் என்ன நடக்கும் என்பதைத் தோளில் தொங்கிய துவக்குகள் சொல்லின.

இரண்டு மணி நேரத்தில் ஒரு வீட்டில் எதை எடுப்பது? காணி உறுதியை எடுத்தார்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்தார்கள், நகையை உடுப்புக்குள் தைத்தார்கள். ஐந்துசந்தியில் வரிசை. அங்கே பைகள் திறக்கப்பட்டன. பணமும் நகையும் இறக்கி வைக்கப்பட்டன. குழந்தைகளின் காதுத் தோடுகூடத் தப்பவில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். பலரிடம் விடப்பட்டது 150 ரூபாயும் ஒரு மாற்றுடையும்.

முதுகுடுமியும் அறிவிப்புக் கொடுத்தான். அவன் அறிவித்தது அம்பிலிருந்து மக்களைக் காப்பாற்ற. ஐந்துசந்தியில் அறிவிப்பு எதற்காக வந்தது என்பதை அந்த வரிசையில் நின்ற சிறுமியும் கண்டுகொண்டாள். ஒரு மக்கள் தங்கள் மண்ணில் வாழும் உரிமைக்காகத் தொடங்கிய போர், இன்னொரு மக்களை அவர்கள் மண்ணிலிருந்து இரண்டு மணி நேரத்தில் பிடுங்கியது. காரணம் எத்தனை நியாயமாக இருந்தாலும் இந்தச் செயலை அது மூடாது. எனக்கு இதில் அன்றும் இன்றும் ஐயமில்லை.

பார்த்துக்கொண்டிருந்த தமிழர்கள்? அழுதவர்கள் உண்டு. தண்ணீர் கொடுத்தவர்கள் உண்டு. தெருவில் இறங்கித் தடுத்தவர்கள் இல்லை. இதைக் குற்றச்சாட்டாக எழுதி முடித்துவிடுவது சுலபம். ஆனால் அந்த நகரத்தின் நிலையையும் பார்க்க வேண்டும். மாற்று இயக்கங்கள் 1986 முதல் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டிருந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம, எல்லாத் தரப்பின் கொலைகளையும் ஆவணப்படுத்தியவர், ‘முறிந்த பனை’ நூலாசிரியர்களில் ஒருவர், 1989 செப்டெம்பர் 21இல் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவரோடு மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை நடத்திய நண்பர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கேள்வி கேட்டவர்களைக் கொன்றும் விரட்டியும் முடித்த பிறகு வந்த நாள் அது. மனம் பிளந்து நின்ற தமிழர்கள் அன்று பல்லாயிரம் பேர் இருந்திருப்பார்கள். அவர்களின் மனச்சாட்சி சோனகத் தெருவின் ஒரு வீட்டையும் காப்பாற்றவில்லை. இரண்டும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றதை நான் அழிக்க மாட்டேன்.

வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அந்த இரண்டு வாரத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானவர்கள் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு.

ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் கடல், நடுவில் மணல். இதுதான் கற்பிட்டிக் குடாநாடு. மீனும் தேங்காயும் வெங்காயமும் மிளகாயும் கொண்டு பிழைக்கும் ஊர்கள். பணக்கார மண் அல்ல. அந்த மண்ணின் சனங்கள் பள்ளிவாசலைத் திறந்தார்கள், பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள், தென்னந்தோட்டத்தில் கிடுகுக் குடிசை போட இடம் விட்டார்கள். சில நாளைக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், வீட்டுச் சாவியைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

சில நாள் ஆண்டுகளாயிற்று. உலர் உணவு நிவாரணம், உப்புக் கரிக்கும் கிணறு, மழைக்கு ஒழுகும் கிடுகு. நேற்று வரை கடை முதலாளியாக இருந்தவர் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றார். ஊராருக்குக் கிடைத்த கூலி குறைந்தது, வகுப்பறை நிறைந்தது, ஆஸ்பத்திரி வரிசை நீண்டது. அன்போடு திறந்த கதவுகளுக்குப் பின்னால் முணுமுணுப்பும் வந்தது. ‘அகதி’ என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அழைக்கப்பட்டார்கள். இதற்கு யாரையும் நான் பழிக்கத் தயாரில்லை. ஏழை ஊர் ஒன்று தன்னளவு சனத்தை மேலும் சுமந்தது. சுமக்க வேண்டிய அரசு கூப்பனோடு நின்றுகொண்டது.

இந்தக் குடிசைகளில்தான் போரைப் பற்றிய விசாரணை நடந்தது. எழுத்தில் அல்ல, சமையற்கட்டிலும் தொழுகைக்குப் பின் திண்ணையிலும். வாப்பாமாருக்கு ஒரு நினைவு: செல்வநாயகம் பேசினார். மகன்மாருக்கு ஒரு நினைவு: ஐந்துசந்தியில் உம்மாவின் பையைத் திறந்தார்கள். இரண்டு நினைவும் ஒரே குடிசையில் படுத்தன. தமிழருக்கு நடந்தது அநியாயம் இல்லையா? அநியாயம்தான். அப்படியானால் நமக்கு நடந்தது? அரசாங்கம் வடக்கில் குண்டு போடுவது நமக்காகவா? ஊர் திரும்ப அந்தப் போர்தான் வழி என்றால், எரியப்போவது எந்த ஊர்? பக்கத்து வீட்டுக் கணபதிப்பிள்ளை வாத்தியார் மாதிரி ஆட்கள் இருக்கும் அதே ஊர்தானே?

எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான். புத்தளம் மாவட்டத்தில் உடப்பும் முன்னேஸ்வரமும் உண்டு, கடலோரத்தில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் உண்டு. பழி தீர்க்க நினைத்தால் கைக்கெட்டும் தூரம். வடக்கிலிருந்து வந்த முஸ்லிம்கள் அந்தக் கையை நீட்டவில்லை. பறிகொடுத்தவர்கள் படை திரட்டவில்லை. கோபம் இல்லாமல் அல்ல, எத்தனையோ இரவு கோபத்தில் வெந்தார்கள். கிழக்கில் அரசு கொடுத்த துவக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இயக்கம் தங்களை முஸ்லிம் என்று மொத்தமாகக் கணக்கிட்டது போல, தமிழரை மொத்தமாகக் கணக்கிட அவர்கள் உடன்படவில்லை. போரின் நியாயத்தைப் பற்றி எத்தனையோ தீர்மானங்கள் வட்டுக்கோட்டையிலும் கொழும்பிலும் எழுதப்பட்டன. அந்தக் கிடுகுக் குடிசைகளில் எழுதப்படாமல் நிறைவேறிய தீர்மானத்துக்கு ஈடாக ஒன்றை நான் பார்க்கவில்லை.

ஆனால் அந்தத் தீர்மானத்துக்கு ஒரு சோதனை வர இருந்தது.

1994இல் சந்திரிகா ஆட்சிக்கு வந்தார். பேச்சு, போர்நிறுத்தம், சமாதானம் என்ற சொற்கள் வானொலியில் மறுபடி கேட்டன. முகாம்களில் சிலர் சாவியைத் தேடி எடுத்தார்கள். 1995 ஏப்ரலில் எல்லாம் உடைந்தது. அரசு தன் போருக்குச் ‘சமாதானத்துக்கான யுத்தம்’ என்று பெயர் வைத்தது. ஒக்டோபரில் இராணுவம் யாழ்ப்பாண நகரை நோக்கி நகரத் தொடங்கியது. புத்தளத்துக் குடிசைகளில் வானொலிப் பெட்டியைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். நகரம் இராணுவத்திடம் விழுந்தால் ஊர் திரும்பலாம். விழும்போது அங்கே இருக்கும் சனங்களுக்கு என்ன நடக்கும்? எதை விரும்புவது, எதற்குத் துஆச் செய்வது?

அப்போது யாழ்ப்பாணத் தெருக்களில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் மறுபடி ஓடின. உடனே வெளியேற வேண்டும் என்ற அதே உத்தரவு. உத்தரவிட்டதும் அதே இயக்கம். நாள் 1995 ஒக்டோபர் 30, சோனகத் தெரு வெறுமையாகிச் சரியாக ஐந்து ஆண்டு.

இந்த முறை மூட்டையைக் கட்டச் சொன்னது தமிழர்களை. ஒருவர் இருவரை அல்ல, யாழ்ப்பாண நகரோடு வலிகாமம் முழுவதையும்.

(அடுத்த வாரம்: செம்மணி வெளியில் ஓர் இரவு)